மழைக்குத் தாங்காத மீன்கொத்தி

அத்தியாயம் ஐந்து

மீன்கொத்தியின் தலை கழன்று, ஊற்றின் கல்விளிம்பில் கிடந்தது.

"கழுத்துல ஒரே வெட்டு. ஆயுதம் கிடைக்கல. பக்கத்து வீட்டுப் பூனையைக் கூப்பிட்டு விசாரிக்கலாமா மேடம்?" என்றேன்.

"பூனைக்கு உன்னைவிட அறிவு ஜாஸ்தி. இந்த ஈரத்துல அது வெளியே வராது," என்றாள் ஹெஸ்டர் பாக்ஷா, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி.

ஹெஸ்டரும் நானும் எங்கள் ஊரான தார்ன்லோவின் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். அவள் போலீசுக்குப் போய், இன்ஸ்பெக்டராகி, ஓய்வு பெற்று, இப்போது கசாப்புக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். நான் ஊரின் ஒரே டாக்சியை ஓட்டுகிறேன். கேஸ் வந்தால் டாக்சியும் அவளுடையது, நானும் அவளுடைய ஆள். சம்பளம் தருவதால் மேடம். தராத மாதங்களிலும் மேடம்தான், பழகிவிட்டது.

மீன்கொத்தி நிஜப் பறவை இல்லை, பூவிதழ்களால் ஆனது. வருஷா வருஷம் ஜூலையில் எங்கள் ஊர் ஊற்றுக்கு மேலே ஆளுயரப் பலகை ஒன்றை நிறுத்துவோம். பலகை முழுக்க ஈரக் களிமண் அப்பி, அதன்மேல் இதழ், இலை, பாசி, விதை என்று ஒட்டி ஒரு படம் செய்வோம். நிறமெல்லாம் பூவின் நிறம்தான், பெயிண்ட் டப்பாவைக் கிட்டே கொண்டுவந்தால் கையை ஒடித்துவிடுவார்கள். இந்த வருஷம் பைபிள் பிரளயத்தில் மிதந்த நோவாவின் கப்பல். பாதிரியார் வந்து ஆசீர்வதிப்பார், பஸ் பஸ்ஸாக வெளியூர்க்காரர்கள் இறங்கிப் படம் பிடிப்பார்கள், ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியைத் தின்பார்கள், கழிப்பறை எங்கே என்று என்னைக் கேட்பார்கள். ஒரு வாரத்தில் பூ வாடிவிடும். பிறகு எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு அடுத்த ஜூலைவரை ஒருத்தரையொருத்தர் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

சனிக்கிழமை ஆசீர்வாதம் முடிந்தபோது பலகையின் கீழ் மூலையில் வெறும் பாசிதான் இருந்தது. அப்புறம் ஊரே கயிறு இழுக்கும் போட்டிக்கு மைதானத்துக்குப் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால், பாசியை வழித்த இடத்தில் நீல முதுகும் ஆரஞ்சு மார்புமாக ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. ஒட்டியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்.

ஆனால் ஒரு வீட்டில் மட்டும் அது வம்பாக இல்லை.

வினிஃப்ரெட் கிராட்டனுக்கு எண்பதைத் தாண்டியாகிவிட்டது. மேவிஸ் ராக் பொறுப்பேற்கும் வரைக்கும் பலகை வேலைக்கு அவர்தான் தலைவி. முட்டி போய்விட்டது, கண்ணும் பாதி போய்விட்டது. வீட்டை விற்றாகிவிட்டது. இன்று சாயங்காலம் நாலு மணிக்கு, பக்ஸ்டனில் உள்ள முதியோர் இல்லத்துக்கு அவரை என் டாக்சியில்தான் கூட்டிப்போக வேண்டும். நாளைக் காலையில் புதுச் சொந்தக்காரர்களின் சாமான் வண்டி வந்துவிடும்.

அந்த அம்மா நகர மாட்டேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கைத்தாங்கலாக வந்து பறவையைப் பார்த்ததிலிருந்து, வாசல் கதவைத் திறந்துபோட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"மேலேர்ந்து கீழே ஒட்டியிருக்கா பாரு, கழுதை. இன்னும் திருந்தல," என்று என்னிடம் சொன்னார். திட்டுகிற வார்த்தைதான். ஆனால் அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

கழுதை என்றது மகள் ஹேசலை. முப்பது வருஷமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காத மகள்.

"அவ வந்திருக்கா ஹெஸ்டர் கண்ணு. நான் போயிட்டா எந்த வாசலுக்கு வருவா? இந்த வாசல்தானே அவளுக்குத் தெரியும்? நாலு மணிக்குள்ள அவளைக் கூட்டிட்டு வா. இல்ல, அவ வரலைன்னு நிச்சயமாச் சொல்லு. ரெண்டுல ஒண்ணு தெரியாம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அதுதான் கேஸ். ராத்திரி கொட்டிய மழையில் ஒரே தடயமும் இப்போது கழன்று விழுந்துவிட்டது.

"பெர்சி, நோவா நனைஞ்சிருக்காரா பாரு."

"அவர் எதுக்கு நனையணும்? கப்பல்ல இல்ல இருக்கார்."

"யோவ்."

பார்த்தேன். நோவாவின் தாடி, வானவில், யானை, புறா எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு இதழ் அசையவில்லை. மீன்கொத்தி மட்டும்தான் சேறும் சகதியுமாக வழிந்திருந்தது.

ஹெஸ்டர் கொண்டை ஊசியைப் பிடுங்கி, மிச்சமிருந்த ஓர் இறகைத் தூக்கிக் காட்டினாள். "மேல் இதழோட விளிம்பு, கீழ் இதழுக்கு அடியில போயிருக்கு. வீட்டுக் கூரைக்கு ஓடு எப்படிப் போடுவே?"

"கீழ ஆரம்பிச்சு மேல போவேன். இல்லேன்னா தண்ணியெல்லாம் உள்ளே இறங்கிடும்."

"நம்ம ஊர்ல இதழும் அப்படித்தான் ஒட்டுவோம். அஞ்சு வயசுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இவங்க தலையில ஆரம்பிச்சு வாலுக்கு வந்திருக்காங்க. மழை ஒவ்வொரு இதழுக்குள்ளயும் பூந்து வெளியே வந்திருக்கு."

"அப்போ வெளியூர்க்காரன் வேலை. கேஸ் முடிஞ்சுது, சாப்பிடப் போகலாம்."

"ஓரக்கோடு எதால போட்டிருக்கு?"

குனிந்தேன். பறவையைச் சுற்றிக் கறுப்பாகக் கோடு போட்டதுபோல, ஆல்டர் மரத்துக் குட்டிக் காய்கள் நெருக்க நெருக்கமாக அழுத்தப்பட்டிருந்தன. முதலில் காயால் கோடு, பிறகுதான் இதழ். அது எங்கள் பலகைக்காரர்களின் முறை. பஸ்ஸில் வந்து ஸ்கோன் தின்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

"அப்போ உள்ளூர்தான்," என்றேன்.

"உள்ளூர்ல மேலேர்ந்து ஒட்டற ஆள் யாரு?"

ஒரே ஓர் ஆள்தான். ஹேசலுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது அம்மா நம்பி ஒரு தேவதையின் முகத்தைக் கொடுத்தார். "முகத்தை விட்டுட்டு எவளாவது கால்லேர்ந்து ஆரம்பிப்பாளா?" என்று சொல்லி, அவள் இஷ்டத்துக்கு நெற்றியிலிருந்து ஒட்டினாள். ஆசீர்வாதத்தன்று மழை. பிஷப் கையைத் தூக்கிய நேரத்தில் தேவதையின் முகம் மொத்தமாக வழுக்கி ஊற்றுக்குள் விழுந்தது. சில பேர் சிரித்துவிட்டார்கள். வினிஃப்ரெட்டுக்கு அவமானம் தாங்கவில்லை. ஊர் முன்னால் மகளைப் பார்த்து, "இனிமே என் பலகையைத் தொடாதே," என்றார். மறுநாள் காலை பஸ்ஸில் ஹேசல் போய்விட்டாள். ஒரு பூவிதழுக்காக ஒரு வீடு இரண்டாகப் போனது என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் சிரிக்க மாட்டோம்.

"அப்போ அந்த அம்மா சொல்றது சரி. ஹேசல் வந்திருக்கா," என்றேன்.

"அவசரப்படாதே. இது என்ன பூ?" ஹெஸ்டர் ஒரு நீல இதழைக் கையில் எடுத்தாள்.

"ஹைட்ரேஞ்சியா. இதைக் கேக்கவா எனக்குச் சம்பளம் தர்றே? மேவிஸ் வீட்டு வாசல்ல புதரா நிக்குது."

"அது என்ன நிறம்?"

"ரோஸ்."

"பாதிரியார் வீட்டுல?"

"அதுவும் ரோஸ்தான்." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. எங்களுடையது சுண்ணாம்புக்கல் பூமி. இந்த மண்ணில் ஹைட்ரேஞ்சியா ரோஸாகத்தான் பூக்கும், தலைகீழாக நின்றாலும் நீலம் வராது. மேவிஸின் மாமனார் நீலம் வரவழைக்கிறேன் என்று துருப்பிடித்த ஆணிகளை வேரடியில் புதைத்தார். பூ மாறவில்லை, காலில் ஆணி ஏறி அவர்தான் ஊசி போட்டுக்கொண்டார்.

"நீலப்பூ வெளியிலேர்ந்து வந்திருக்கு. வாடாம வந்திருக்கு. அப்போ யாரோ ஈரமாச் சுத்தி, பத்திரமா மடியில வெச்சுக் கொண்டு வந்திருக்காங்க. இந்த ஊருக்கு ரயிலடியிலேர்ந்து எப்படி வருவாங்க பெர்சி?"

"என் டாக்சியில," என்றேன். "வெள்ளிக்கிழமை ஒருத்தர் வந்தார். ஈரப் பேப்பர்ல சுத்தின செடி. நீலம். மடியில ஒரு மரப்பெட்டி வேற. டிக்கி காலியா இருக்கு, அதுல வைக்கலாமேன்னேன். கூடவே இருக்கட்டும்னார். என்ன சார், மத்தியானச் சாப்பாடான்னு கேட்டேன். இல்லேன்னு மட்டும் சொல்லிட்டு மலையைப் பார்த்துக்கிட்டே வந்தார்."

"ஏன்யா இதை இத்தனை நாளாச் சொல்லல?"

"நீ கேக்கலையே. அன்னிக்கே ஒருத்தர் ஆட்டுக்குட்டியோட ஏறினார். அதையும்தான் சொல்லல."

"எங்கே இறக்கிவிட்டே?"

"மேவிஸ் ராக் வீட்டுல."

மேவிஸ் மாடி அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவள். நாங்கள் போனபோது அடுப்படியில் ஸ்கோன் தட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு மணி பஸ்ஸில் வருகிற கூட்டத்துக்காக.

"கையை எடு பெர்சி, அது விக்கறதுக்கு," என்றாள் திரும்பிப் பார்க்காமலே.

"ருசி பார்த்துச் சொல்லலாம்னுதான்."

"பின்பக்க அறையில யாரு மேவிஸ்?" என்றாள் ஹெஸ்டர்.

"ஹாலிட்னு ஒருத்தர். கிரிம்ஸ்பிலேர்ந்து. மீன் மார்க்கெட்டுல வேலையாம். நல்ல மனுஷர், கட்டில் விரிப்பைக்கூட அவரே மடிச்சு வெச்சிடறார்."

"தனியாவா?"

மேவிஸ் கையில் இருந்த மாவைத் துடைத்தாள். "ரெண்டு பேருக்கான அறைதான் கேட்டார். காலையில ரெண்டு கப் டீ மேல கொடுத்து அனுப்பச் சொல்வார். அவர் மனைவிதான்னு நினைக்கறேன்."

"நினைக்கறியா? பார்க்கலையா?"

"கீழே இறங்கவே இல்ல ஹெஸ்டர். உடம்பு சரியில்லையோ என்னவோ. சாயங்காலத்துல அவர் மெதுவாப் பேசிக்கிட்டிருக்கறது கேக்கும். நான் எப்படிப் போய்க் கேக்கறது? அவங்க வீட்டு விஷயம்."

இதுதான் எங்கள் ஊர். எதிர் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று திரைச்சீலை இடுக்கில் மூக்கை நீட்டுவோம். ஆனால் நம் கூரைக்குக் கீழேயே நாள் கணக்கில் ஒரு பெண் வெளியே வரவில்லை என்றால், கதவைத் தட்டி ஏன் என்று கேட்க மாட்டோம். கேட்டால் அது மரியாதைக் குறைவு.

ஹேசல் மாடியில் இருக்கிறாள். அம்மா இருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில், ஒரு கதவுக்குப் பின்னால்.

"நான் ஓடிப்போய் அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை..."

"ஒரு அடி எடுத்து வெச்சே, கிறிஸ்துமஸ் நாடகத்துல நீ மாட்டு வேஷத்துக்குள்ள தூங்கினதை மைக் வெச்சுச் சொல்லிடுவேன். பேசாம வா."

மாடிக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. ஹெஸ்டர் தட்டினாள். பதில் இல்லை. இன்னொரு முறை தட்டிவிட்டுத் திறந்தாள்.

உள்ளே யாரும் இல்லை. ஜன்னலோரம் இதழெல்லாம் கிள்ளப்பட்ட ஹைட்ரேஞ்சியாச் செடி, காம்பும் இலையுமாக நின்றது. கட்டிலின் ஒரு பக்கம் கசங்கியிருந்தது. மறுபக்கத் தலையணை, மேவிஸ் தட்டி வைத்தபடியே உப்பலாக இருந்தது. சின்ன மேஜையில் இரண்டு கோப்பைகள். ஒன்றில் அடியில் துளி டீ மிச்சம். இன்னொன்று விளிம்புவரை நிரம்பி, ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது.

"வெளியே போயிட்டாங்க போல. ரெண்டு பேரும்," என்றேன்.

ஹெஸ்டர் அந்த நிரம்பின கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஏன் என்று புரியவில்லை. புரியாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

"வா. அவர் ஊத்துகிட்டதான் இருப்பார்," என்றாள்.

இருந்தார். வெள்ளிக்கிழமை என் டாக்சியில் வந்த அதே மனிதர். ஐம்பதைத் தாண்டியவர், கைகள் மட்டும் குளிர்நீரில் ஊறி ஊறிச் சிவந்தவை. கல்விளிம்பில் கிடந்த நீல இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டிருந்தார். மரப்பெட்டி பெஞ்சில் இருந்தது. மழைக்கு ஒதுக்கமாக அதன்மேல் தன் கோட்டைப் போர்த்தியிருந்தார்.

ஹெஸ்டர் பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். தன்னை யாரென்று சொன்னாள். பிறகு மெதுவாக, "ஹேசல் எப்போ போனாங்க?" என்றாள்.

போனாங்களா? நான் அவளை முறைத்தேன்.

"பிப்ரவரியில," என்றார் அவர்.

பெட்டியைப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடா என்று நான் கேட்ட பெட்டி.

"நுரையீரல்ல வந்துது. சீக்கிரமே முடிஞ்சுபோச்சு. என் பேர் லென். இருபத்தாறு வருஷம் சேர்ந்து இருந்தோம். குழந்தை இல்ல." அவர் கைக்குட்டையை மடித்தார். "பறவை நிக்கும்னு நினைச்சேன். நிக்கல."

"மேலேர்ந்து ஒட்டினா நிக்காது," என்றாள் ஹெஸ்டர்.

"எனக்கு வேற மாதிரி தெரியாதுங்க. அவ சொல்லிக்கொடுத்தது அப்படித்தான். வருஷா வருஷம் ஜூலையில பேக்கரி தட்டு ஒண்ணுல களிமண் பூசி, பால்கனியில வெச்சு ஒரு மீன்கொத்தி பண்ணுவா. அந்தச் செடியே அதுக்குத்தான் வளர்த்தா, நீலம் வேணும்னு. பண்ணி முடிச்சதும், அடுத்த வருஷம் ஊருக்குப் போலாம் லென்னு சொல்வா. மழை வரும், பறவை போயிடும். நாங்களும் போக மாட்டோம்."

"ஏன்?" நான்தான் கேட்டேன்.

"அம்மா தொடாதேன்னு சொல்லிட்டாங்களாம். அதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்வா. கடைசியில ஆஸ்பத்திரியில வெச்சு, என்னைத்தான் தொடாதேன்னாங்க, உன்னைச் சொல்லலையே, நீ போய்த் தொடலாமில்லன்னு கேட்டா. அதான் வந்தேன். எல்லாரும் மைதானத்துக்குப் போனாங்க, நான் ஒட்டினேன்."

"நேரா அந்த அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாமே லென்," என்றாள் ஹெஸ்டர்.

"மூணு தடவை போனேன். கதவு திறந்தே இருக்கு. அந்த அம்மா ரோட்டையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. மூடியிருந்தா தட்டியிருப்பேன். திறந்திருக்கற கதவுக்குள்ள இதைத் தூக்கிக்கிட்டு எப்படிப் போறது?"

எனக்கு அழுகை வந்தது. மழைத்துளி என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மழை அப்போது விட்டிருந்தது.

வழியில் ஹெஸ்டரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "சொல்லாம விட்டுடேன். வந்தா, பார்த்தா, மனசு வரல, திரும்பிப் போயிட்டான்னு சொல்லிடு. எங்கேயோ உயிரோட இருக்கான்னு நினைச்சுக்கிட்டுப் போகட்டுமே."

"அப்படிச் சொன்னா அந்த நாற்காலியை விட்டு எழுந்திரிப்பாங்களா?"

மாட்டார். அடுத்த முறை வருவாள் என்று இன்னும் இறுக்கமாக உட்காருவார். வாதத்தில் அவளை நான் ஜெயித்ததே இல்லை. இதில் ஜெயித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வினிஃப்ரெட் நல்ல உடுப்பில் இருந்தார். நீலக் கோட்டு, கழுத்தில் முத்துமாலை. மூட்டை முடிச்செல்லாம் கட்டி நடையில் வரிசையாக இருந்தன. ஹெஸ்டர் உள்ளே வந்தாள். லென் வந்தார். நான் வந்தேன். அந்த அம்மா எங்கள் மூன்று பேரையும் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"பின்னாடி வர்றாளா?"

"இல்ல வினிஃப்ரெட்," என்றாள் ஹெஸ்டர். அவர் முன்னால் முட்டி வலியோடு மண்டியிட்டு, கையைப் பிடித்துக்கொண்டாள். "ஹேசல் இல்ல. பிப்ரவரியில போயிட்டா. இவர் அவளோட வீட்டுக்காரர். பறவையை ஒட்டினது இவர்தான். அவ சொல்லிக்கொடுத்தபடி ஒட்டினார்."

அடுப்பில் கெட்டில் கொதித்து விசிலடித்தது. நான் போய் அணைத்துவிட்டு வந்தேன். மகள் வந்தால் உடனே டீ போட ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதைச் சூடாகவே வைத்திருந்தாராம்.

லென் பெட்டியை மேஜையில் வைக்கப் போனார்.

"அங்க வைக்காதேப்பா, ஈரம். இங்க கொடு," என்றார் அந்த அம்மா. வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கையால் மூடியைத் தடவினார். "ஏன் வரல?"

லென் தரையைப் பார்த்தார். "தொடாதேன்னு நீங்க சொன்னீங்களாம்."

"பலகையைத்தானே சொன்னேன்? வீட்டுக்கு வராதேன்னு சொன்னேனா? சாயங்காலம் சாப்பாட்டுக்கு வந்துடுவான்னு அவளுக்கு ஒரு தட்டுல எடுத்து மூடி வெச்சேன். வீட்டுக்கு வராதேன்னு நான் சொல்லவே இல்லையே." குரல் உயரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் அது எங்களுக்குச் சொல்வதாக இல்லை, பெட்டியிடம் சொல்வதாக இருந்தது.

அவர் அழுது முடிக்கும்வரை நாங்கள் நின்றோம். ஹெஸ்டர் மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

பிறகு வினிஃப்ரெட் லென்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சாப்பிட்டியாப்பா?"

"இல்லம்மா."

"பெர்சி, அந்தக் கெட்டிலைத் திரும்பப் போடு. அவ டீயில சர்க்கரை போட்டுக்கறாளா இன்னும்?"

"மூணு கரண்டி," என்றார் லென்.

"கழுதை," என்றார் அந்த அம்மா.

லென் ரொட்டியும் டீயும் சாப்பிட்டு முடித்தார். சுவர்க் கடிகாரம் மூன்றரை காட்டியபோது வினிஃப்ரெட் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. வாசல் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். சாவியை ஹெஸ்டரிடம் கொடுத்தார்.

"ஊத்துகிட்ட கொஞ்சம் நிறுத்து பெர்சி."

பலகைக்கு முன்னால் வெளியூர்க்கூட்டம் நின்றது. கீழ் மூலையில் மேவிஸ் குந்தியிருந்தாள், விழுந்த இடத்தில் பாசியை வைத்து அடைப்பதற்காக. வினிஃப்ரெட் தடியை ஊன்றிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் கூட்டம் தானாக வழிவிட்டது. நான் டிக்கியிலிருந்து மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

"பாசியை எடு மேவிஸ். களிமண்ணை நனை."

மேவிஸ் ஹெஸ்டரைப் பார்த்தாள். ஹெஸ்டர் தலையாட்டினாள். லென் கைக்குட்டையைப் பிரித்து நீட்டினார். விரல்கள் கோணிப்போயிருந்தாலும் அவற்றுக்கு வேலை மறக்கவில்லை, கண்ணும் தேவைப்படவில்லை, தடவித் தடவியே இடம் பார்த்தார். முதல் நீல இதழை எடுத்து, உச்சந்தலையில் வைத்து அழுத்தினார். அடுத்ததை அதற்குக் கீழே.

மேவிஸ் பதறினாள். "ஐயோ கிராட்டன் அம்மா, மேலேர்ந்து ஒட்டறீங்க. வால்லேர்ந்து வாங்க. சாயங்காலம் மறுபடி மழைன்னு சொல்லியிருக்கான், நிக்காது."

இதைச் சொல்லி எத்தனை பேர் கையில் அடித்திருப்பார் அந்த அம்மா. என் புறங்கையில் விழுந்த அடியும் அதற்குத்தான்.

"தெரியும்," என்றார். "இது அவளோடது."

தலை, கழுத்து, முதுகு என்று மேலிருந்து கீழாக, ஒவ்வோர் இதழாக வந்தார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. முப்பது வருஷத்துக்கு முன்னால் சிரித்தவர்களில் இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். வால்வரை வந்து முடித்தபின், கண் மட்டும் பாக்கி இருந்தது. மேவிஸ் வழக்கம்போல ஒரு கறுப்பு விதையை எடுத்து நீட்டினாள். வினிஃப்ரெட் வாங்கிக்கொள்ளவில்லை. லென் பக்கம் திரும்பி, "அதைத் திற," என்றார்.

லென் பெட்டியைத் திறந்தார். வினிஃப்ரெட் உள்ளே கைவிட்டு ஒரு சிட்டிகைச் சாம்பல் எடுத்து, பறவையின் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஈரக் களிமண்ணில் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை உடனே எடுக்கவில்லை.

"தொட்டுக்கோடி," என்றார்.

பக்ஸ்டன் சாலையில் பாதி மலை ஏறும்போது கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தது. பின்சீட்டில் அந்த அம்மாவும் லென்னும் இருந்தார்கள். நடுவில் பெட்டி, அதன்மேல் இருவர் கையும். முன்சீட்டில் ஹெஸ்டர் தொப்பியை மடியில் வைத்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வைப்பரைப் போட்டேன்.

"மழையா பெர்சி?" என்றார் வினிஃப்ரெட்.

"ஆமாம்மா."

"சரி," என்றார். "மெதுவாவே போ."